ஒழுகும் கூரைக்கு மனு எழுதும் முறை

மனுவில் முதலில் அடித்து நீக்க வேண்டியது ‘கருணை கூர்ந்து’ என்பதை. மதுரை கலெக்டர் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். திங்கட்கிழமை என்றால் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உட்கார்ந்ததும் “அண்ணே, கொஞ்சம் உருக்கமாக எழுதுங்கள்” என்பார்கள். உருக்கமாக எழுதிய மனுவை அதிகாரி படித்து முடித்துவிட்டு, ‘பிளாக் எண் எங்கே?’ என்றுதான் தேடுவார்.

‘எங்கள் வீடு பாழடைந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தால், ‘கள ஆய்வு செய்யப்பட்டது, வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் உள்ளது’ என்று ஒரே வரியில் பதில் வரும். அதை மறுத்துப் பேச உங்கள் மனுவில் ஒரு பிடிமானமும் இருக்காது. நான் எழுதினால் இப்படி இருக்கும்:

‘பிளாக் 7, கதவு எண் 112, இரண்டாம் தளம். கழிப்பறைக் கூரையில் மூன்றடி நீளத்துக்குக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் இரவும் பகலும் நீர் சொட்டுகிறது. நவம்பர் 4 அன்று காலை காரை விழுந்தது. புகைப்படம் இணைத்துள்ளேன்.’

இதற்கு யாரும் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. ஒன்று, கம்பி தெரிகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்ல அரசு ஊழியர் எவருக்கும் தயக்கம் உண்டு.

புகைப்படம் எடுக்கும்போது விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள். அகலம் எவ்வளவு என்பது பார்த்தவுடன் தெரியும். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், இது வெறும் பூச்சு வேலை பார்த்துத் தீருகிற விஷயம் இல்லை என்பதற்கு உங்கள் சுவரே சாட்சி. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி சுற்றியுள்ள காங்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். அதனால்தான் மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடியும் விழுகிறது. ஆகவே மனுவில் கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, கசிவை நிறுத்திப் பழுது நீக்குதல். இரண்டாவது, கட்டடத்தின் உறுதித்தன்மையைத் தகுதியான பொறியாளர்களைக் கொண்டு ஆய்வு செய்து அறிக்கையின் நகலைத் தருதல்.

இரண்டாவது கோரிக்கையைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துப் பயந்து சனங்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் கையால் தொட்டால் காரை உதிர்கிறது என்று செய்தி வந்த பிறகு, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் சொன்னால் போதும்.

இங்கிலாந்தில் வாரிய வீடுகளைக் கண்காணிப்பதற்கென்றே தனியாக ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017இல் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு, 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் முதல் வீட்டு நிர்வாகங்களை அந்த அமைப்பே நேரில் போய்ச் சோதிக்கிறது. நம் ஊரில் கட்டுவதும், ஒதுக்குவதும், வசூலிப்பதும், பழுது பார்ப்பதும் ஒரே வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதை மேலே இருந்து பார்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆட்சியர், துறைச் செயலகம், தணிக்கைத் துறை, சட்டமன்றக் குழுக்கள், தகவல் ஆணையம், நீதிமன்றம் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். உங்கள் காகிதம் போய் நின்றால்தான் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மனு எழுதுகிற வேலையே இந்தக் காகிதத்தை ஒவ்வொரு வாசலாகக் கொண்டு நிறுத்துவதுதான்.

வாசல் மாறிப்போனால் மாதக்கணக்கில் வீண். கட்டடம், பொதுப் படிக்கட்டு, மேல்நிலைத் தொட்டி, குழாய்கள் என்றால் வாரியம். தெருவிளக்கு, குப்பை, வளாகத்துக்கு வெளியே போகும் பாதாளச் சாக்கடை என்றால் மாநகராட்சி. ஊராட்சிப் பகுதியில் கட்டிய குடியிருப்பு என்றால் அந்த ஊராட்சி. மின்கம்பி, மீட்டர் என்றால் மின்வாரியம். அதற்கு மின்னகம் என்ற புகார் மையத்தின் எண் 94987 94987 இருக்கிறது, மனுவே வேண்டியதில்லை. சாக்கடை விஷயத்தில் மட்டும் வாரியமும் உள்ளாட்சியும் ஒருவரையொருவர் கைகாட்டும். அப்போது இருவருக்கும் ஒரே மனுவை அனுப்பி, ‘எந்தத் துறை பொறுப்பு என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெறுநர் இடத்தில் வாரியத்தின் நிர்வாகப் பொறியாளர் இருக்கட்டும். நகல், மேலாண்மை இயக்குநர், காமராசர் சாலை, சென்னை என்று போட்டு, உண்மையிலேயே தபாலில் சேருங்கள். நகல் என்று எழுதிவிட்டு அனுப்பாமல் இருப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அது அலுவலகத்துக்கும் தெரியும். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்கள் சீக்கிரமே வந்துவிடுங்கள். வாசலில் போலீசார் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்தும் பார்ப்பார்கள். யாரோ எப்போதோ மண்ணெண்ணெய் கொண்டுவந்ததற்காக நம்மையும் முகர்கிறார்கள், கோபப்பட வேண்டாம். உள்ளே மனுவைப் பதிவு செய்து எண் கொடுப்பார்கள். கலெக்டரிடம் நேரில் பேசிவிட்டேன் என்ற திருப்தியில் அந்த எண் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். கலெக்டர் தலையசைத்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வர முடியாதவர்கள் முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் செய்தும் பதியலாம். அதற்கும் எண் உண்டு.

மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2015ஆம் ஆண்டிலேயே அரசாணை போட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் செல்போனில் செய்தியும் வரும். ஆனால் வேலை நடக்காமலே ‘மனு ஏற்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று வருவதுதான் பெரிய தொல்லை. அங்கே மனு முடிந்தது. இங்கே கூரை ஒழுகுகிறது. சோர்ந்துபோய் விட்டுவிடாதீர்கள். பழைய மனு எண்ணைப் ‘பார்வை’யில் குறிப்பிட்டு, அந்தப் பதிலின் நகலையும் புதுத் தேதியிட்ட புகைப்படத்தையும் இணைத்து மறுபடி கொடுங்கள். கூடவே தகவல் உரிமை மனுவும் போடுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 என்றதும் ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டு எழுதுகிறார்கள். ‘ஏன்’ என்பது தகவல் இல்லை. பதில் சொல்லத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். என் மனுவின் மீது கள ஆய்வு செய்தவரின் பதவி, ஆய்வுத் தேதி, ஆய்வு அறிக்கையின் சான்றிட்ட நகல்; எங்கள் பிளாக்கில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் செய்த பராமரிப்பு வேலைகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எம்.புக் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். எத்தனை மீட்டர் குழாய், எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும்.

ஒரு குடியிருப்பு, பெயர் வேண்டாம். நான்கு பிளாக்கில் கழிவுநீர்க் குழாய் மாற்றியதாக எம்.புக்கில் இருந்தது. அந்த அம்மாமார்கள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றில் புதுக் குழாய். நான்காவதில் பெயின்ட் அடித்த பழைய இரும்புக் குழாய், நகத்தால் சுரண்டினால் துரு. நகலையும் புகைப்படத்தையும் சேர்த்து மேலே அனுப்பிய பிறகு, யாரும் யாரையும் எதுவும் கேட்காமலே நான்காவது பிளாக்கில் வேலை தொடங்கியது. யார் மீதும் நடவடிக்கை வந்ததாகத் தெரியவில்லை. குழாய் வந்தது, அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்களுக்கு நடவடிக்கையும் வேண்டுமென்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கு அதே நகல்களோடு எழுதலாம்.

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உயிருக்கு ஆபத்து என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் இருக்கிறது; தொங்குகிற கூரைக்கு அதைக் குறிப்பிடத் தயங்காதீர்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: 2(j) பிரிவின்படி நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. மணலும் சிமென்டும் கலக்கும்போதே கேட்கலாம்.

இனி, குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களின் விஷயம். “அண்ணே, வீடு எங்கள் பேரில் இல்லை.” ஒதுக்கீடு பெற்றவரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியவர்கள், ஒத்திக்கு இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் என்று எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. மனுப் போட்டால் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். வாரிய வீட்டை விற்பதும் உள்வாடகைக்கு விடுவதும் விதிமீறல். ஒதுக்கீட்டாளர் என்று பொய்யாக எழுதித் தர நான் மாட்டேன். வீட்டுக்குள் இருக்கும் பழுதை விட்டுவிட்டு, படிக்கட்டு, தொட்டி, குழாய் போன்ற பொதுவானவற்றுக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மனுப் போடச் சொல்வேன். ஒதுக்கீட்டாளர் இறந்துபோயிருந்தால் அது வேறு கதை: வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்துக்கு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள், கூரை பிறகு.

சங்கம் இல்லையென்றால் ஏழு பேர் சேர்ந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்யலாம். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில், குடியிருப்போர் கட்டும் பராமரிப்புத் தொகைக்குச் சமமான தொகையை அரசும் தருகிறது. அந்தக் கணக்கை மாதந்தோறும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அரசைக் கணக்குக் கேட்கிற சங்கம் தன் கணக்கை மறைத்தால் முதல் கூட்டத்திலேயே உடைந்துவிடும், பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதுங்கள். குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது அதிகாரிகள் நேரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. குடிநீர், கழிவுநீர் பிரச்சினையை நிரந்தர மக்கள் நீதிமன்றமே விசாரிக்கும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் (அரசுக்கு உத்தரவிடக் கோரும் வழக்கு) போட்டால் பெரும்பாலும் ‘மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலிக்க வேண்டும்’ என்று உத்தரவு வரும். பரிசீலிப்பதும் பழுது பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை வக்கீலிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கட்டடம் தாங்காது, இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொன்னால் எதிர்த்து நிற்காதீர்கள். ஆனால் வாய்ச்சொல்லில் வீட்டை விட்டு இறங்கவும் வேண்டாம். கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருக்கிறதா, அதே இடத்தில் மறு ஒதுக்கீடு உண்டா, இடைக்காலத்துக்கான கருணைத் தொகை எவ்வளவு, எப்போது, நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்பதெல்லாம் ஆணையில் இருக்க வேண்டும். சாவியை ஒப்படைக்கும்போது வெள்ளைத்தாளில் தேதி, கதவு எண், வாங்குகிறவரின் பதவி எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘சாவிக்கெல்லாமா ரசீது?’ என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுங்கள்.