மூன்று நட்சத்திரக் குறிகள்: கதை எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், புதிதாக எழுதுவோர் கொண்டுவரும் கையெழுத்துப்படிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சென்ற கூட்டத்துக்கு வந்த ஏழு கதைகளில் நான்கு, மிக முக்கியமான இடத்துக்கு வந்ததும் நின்றுபோயிருந்தன. நான்கிலும் அந்த இடத்தில், காட்சி மாறுவதைக் காட்டும் மூன்று நட்சத்திரக் குறிகள் இருந்தன. நானும் ஒரு காலத்தில் அதே குறிகளைப் போட்டுவிட்டு அதே இடத்தில் நின்றவன் என்பதால், அவற்றைப் பார்த்ததும் எழுதியவர்மீது வரவேண்டிய எரிச்சல் என்மீதே வந்தது. ஒற்றுப்பிழை, அளவுக்கு மீறிய வருணனை, எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பொறுமையுள்ள நண்பர் ஒருவரே சுட்டிக்காட்டிவிடுவார்.

தொடக்கத்தையே இழைத்துக்கொண்டிருப்பது

முதல் அத்தியாயத்தை ஒன்பது முறை திருத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் நான்காம் அத்தியாயம் இருந்ததில்லை. தொடக்கம் சரியாக அமைந்திருக்கிறதா என்பது முடிவை எழுதிய பின்பே தெரியவரும் என்பதால், அதற்கு முன்பு அதை மெருகிடுவது நிலையின் அளவு தெரியாமல் கதவை இழைப்பதற்கு ஒப்பாகும். வார இதழில் தொடர் எழுதியவர்களுக்கு இந்த வசதியே கிடையாது. கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை எழுதிக்கொண்டிருந்தபோது, அச்சாகிக் கடைக்குப் போய்விட்ட அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்த அவருக்கு வழியில்லை, அடுத்த இதழுக்கு எழுதியே ஆக வேண்டும். நம்மிடம் எந்த இதழும் கதை கேட்டு நிற்கவில்லை என்றாலும் அந்தக் கட்டாயத்தை நாமே விதித்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பாத்திரத்தின் பெயரோ ஊரோ மாறினால், ஓரத்தில் குறித்துவிட்டு மேலே செல்ல வேண்டுமேயன்றி, முதல் பக்கத்தைத் திறக்கக் கூடாது.

எழுத அஞ்சும் காட்சியைத் தாண்டிச் செல்வது

என் முதல் நாவல் ஓர் அத்தையைப் பற்றியது. தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவர் தாமே சம்பாதித்த வீடும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த அண்ணன் என் தந்தை. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அலுவலகத்துக்கு வெளியே, புங்கமரத்தடியில் ஆவண எழுத்தரின் மேசையை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

நாவலில் அந்த நாளை நான் எழுதிய விதத்தைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து புறப்படுவதற்கு நான்கு பக்கங்கள், பேருந்துப் பயணத்துக்கு ஆறு, ஆவண எழுத்தரின் தட்டச்சுப் பொறிக்கும் முத்திரைத்தாளின் வாசனைக்கும் மூன்று, மர நிழல் பெஞ்சின்மீது மெல்ல நகர்வதற்கு ஒன்று. பிறகு உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். அத்தை எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசற்படியைத் தாண்டுகிறாள். அங்கே மூன்று நட்சத்திரக் குறிகள். அடுத்த பத்தியில் அவள் வீட்டுக் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இடது பெருவிரலில் மை இருக்கிறது.

அந்த மையைப் பற்றி எனக்கு அப்போது மிகுந்த பெருமிதம் இருந்தது. சொல்லாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கிணற்றடியிலிருந்து நாவல் ஓர் அடிகூட நகரவில்லை. அதன் பிறகு நூற்று நாற்பது பக்கங்கள் எழுதினேன். அவற்றில் ஒரு கோயில் கொடை, இரண்டு மழைக்காலங்கள், அத்தையின் சிறுவயது நினைவுகள், மேலும் மூன்று பேருந்துப் பயணங்கள் இருந்தன. உத்தியில் கோளாறு என்று கருதி எல்லாவற்றையும் ‘நான்’ என்று சொல்லும் தன்மையில் மாற்றினேன். பிறகு கடிதங்களாக மாற்றினேன். இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. கடைசியில் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியருக்கு அதை அனுப்பினேன். அவர் வேறு எதையும் தொடாமல், மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் “உள்ளே என்ன நடந்தது?” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபப்பட்டு, கையெழுத்துப்படிக் கட்டைப் பரணில் போட்டேன். அதில் மேலும் ஓர் ஆண்டு போயிற்று.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், உள்ளே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். கதை எழுதுகிறவன் சொல்லக்கூடிய சமாதானமா அது? ஏழாம் நூற்றாண்டு அரண்மனையைப் பற்றி எழுதுகிறவர் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்? உண்மையான காரணம் வேறு. வாசற்படியைத் தாண்டினால், அந்த அறையில் என் தந்தை எப்படி நின்றார், தங்கையின் முகத்தைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பதை நான் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்க எனக்குத் துணிவில்லை. துணிவின்மைக்கு நுட்பம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கதை நகரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் இதுவாகவே இருக்கிறது. பாத்திரங்கள் எத்தனை ஊர் சுற்றினாலும் கதை நகர்வதில்லை. யாராவது ஒருவர், பிறகு மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைச் செய்யும்போதோ சொல்லும்போதோதான் அது நகர்கிறது. அத்தகைய செயல் நிகழும் இடமே எழுதுகிறவருக்கும் அச்சம் தரும் இடமாக இருப்பதில் வியப்பில்லை. அதைத் தாண்டிக் குதித்துவிட்டால், அதற்குப் பின் வரும் பக்கங்கள் எதனால் உந்தப்படும்? என் நூற்று நாற்பது பக்கங்களில் அத்தை கோபப்பட வேண்டுமா, மன்னிக்க வேண்டுமா என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த அறையில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் அறியாதவரை அவளுக்கும் தெரிந்திருக்க முடியாது.

தாண்டிவிட்டோம் என்பதைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. காட்சி நெருங்க நெருங்க வருணனை நீளும். இதுவரை காபி குடிக்காத பாத்திரங்கள் காபி குடிக்கத் தொடங்குவார்கள். மழை வரும். சன்னலோரத்தில் அமர்ந்த யாருக்கோ பழைய நினைவு வரும். சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் படித்த கதையில், மகன் தன் காதலைத் தந்தையிடம் சொல்லப் போகும் தருணத்தில் மின்சாரம் நின்றுபோய், அடுத்த பத்தியில் பொழுது விடிந்துவிட்டது. அவ்வளவு நீண்ட மின்வெட்டை எங்கள் மாவட்டத்திலேயே நான் கண்டதில்லை.

எல்லா விடுபடல்களும் தவறு என்று நான் சொல்லவில்லை. தேர்ந்த எழுத்தாளர்கள் முக்கியமான நிகழ்ச்சியை எழுதாமல் விட்டு, அதன் நிழலை மட்டும் காட்டுவதுண்டு. வேறுபாட்டை அறிய நான் கையாளும் சோதனை எளியது: விட்டுவிட்ட இடத்தில் என்ன நடந்தது என்று எழுதியவரைக் கேட்பேன். யார் எங்கே நின்றார், யார் முதலில் பேசினார் என்று தயங்காமல் சொல்லிவிட்டால், அவர் தெரிந்தே விட்டிருக்கிறார். அந்த விடுபடல் அப்படியே இருக்கலாம். “அதை வாசகரே ஊகித்துக்கொள்வார்” என்று பதில் வந்தால், அவரே இன்னும் ஊகிக்கவில்லை என்று பொருள்.

இதற்கு நான் அறிந்த மாற்று வழி, அஞ்சும் காட்சியை அதன் வரிசை வருவதற்கு முன்பே எழுதிவிடுவதுதான். நாவலின் நூறாம் பக்கத்தில் வரவேண்டியதானாலும், வேறு தாளில், கையால், பயணத்தையும் வானிலையையும் முற்றிலும் ஒதுக்கிவிட்டு, பாத்திரங்கள் அறைக்குள் வந்துவிட்ட பிறகு தொடங்கி எழுத வேண்டும். அந்த அறையில் அதிகமாக இழக்கப்போகிறவர் யாரோ அவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உணர்ச்சியின் பெயர்களைத் தவிர்த்து, கைகள் என்ன செய்தன, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பவற்றை மட்டும் எழுத வேண்டும். நான் மூன்று ஆண்டுகள் சுற்றிவந்த காட்சி, எழுதியபோது ஒன்றேகால் பக்கந்தான் வந்தது. சார்பதிவாளர், “சம்மதத்தோடுதானே எழுதிக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்கிறார். அத்தை பதில் சொல்லாமல் அண்ணனைப் பார்க்கிறாள். அண்ணன் பத்திரத்தின் மூலையில் மடங்கியிருந்த தாளை நீவி விடுகிறார். அதை எழுதிய இரவிலேயே, நூற்று நாற்பது பக்கங்களில் பதினொன்று மட்டும் தேறும் என்று தெரிந்துவிட்டது.

நாவல் வெளிவருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு அத்தை இறந்துபோனார். தினமும் செய்தித்தாளை விளம்பரங்கள் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர். பரணில் கழிந்த அந்த ஓர் ஆண்டை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

செய்தி திரட்டுவதை எழுதுவதாக எண்ணிக்கொள்வது

சுற்றிவந்த அந்த ஆண்டுகளில் நான் ஓர் அரை வக்கீலாகியிருந்தேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், நடுவண் அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகிய எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் 1956 முதலே சம பங்கு என்ற ஒரு வரி மட்டுமே நாவலுக்குத் தேவைப்பட்டது. ராஜம் கிருஷ்ணன் உப்பளங்களுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் நேரில் சென்று செய்தி திரட்டியவர். அந்தப் பயணங்கள் நாவல்களாயின. என் குறிப்பேடு குறிப்பேடாகவே தடித்தது.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நம்புவது

உறவினர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்களே என்ற அச்சத்துக்குத் தமிழில் மிகப் பழைய விதி ஒன்று இருக்கிறது. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். காதலைப் பாடலாம், ஆனால் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது என்பதையும் நம் உரைகாரர்கள் அறிந்திருந்தார்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் எங்கும் இல்லை. தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவியைக் காட்டும் பாட்டு. ஆயினும் பாசறையில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்ததாக ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியரின் பூ. ஆகவே பாட்டு இன்னாரைச் சுட்டிவிட்டது என்று அதைப் புறத்திணையில் சேர்த்தார்கள்.

புதியவர்கள் சுப்பிரமணியத்தைச் சண்முகமாக மாற்றிவிட்டு வேம்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சண்முகமும் அதே வங்கியில் வேலை பார்ப்பார், அதே இடது காலை விந்தி நடப்பார், அதே “என்னங்கறேன்” என்ற சொல்லில் ஒவ்வொரு பேச்சையும் முடிப்பார். முதலில் வேம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை எடுத்தபின் அந்த இடத்தில் கதைக்கு உரிய வேறொன்றை வைக்க வேண்டும். அப்படி வைக்கும்போது பாத்திரம் உறவினரிடமிருந்து விலகித் தன்போக்கில் நடக்கத் தொடங்குவதையும், எழுதுகிறவரின் அச்சம் பாதியாகக் குறைவதையும் காணலாம்.

எழுதுமுன் கதையைச் சொல்லித் திரிவது

நான்கு பேரிடம் சொன்ன கதையை எழுத எனக்கு ஒருமுறையும் மனம் வந்ததில்லை.

விபத்தால் முடிச்சை அவிழ்ப்பது

கடைசிப் பக்கத்தில் வரும் லாரி, எழுதியவர் களைத்துவிட்டார் என்பதை மட்டுமே தெரிவிக்கிறது.

துணிவு வரட்டும் என்று காத்திருப்பது

எழுத்தின் பொருட்டு உண்மையாகவே துன்பப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாவலாசிரியர் பெருமாள்முருகன், தம் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயருக்குள் இருந்துகொண்டு வெளியிட்டார். அவர்களின் பெயரைச் சொல்லித் தம் தயக்கத்தை அளக்கிறவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் அஞ்சும் வாசகர் யார் என்பதுதான். விசாரித்துப் பார்த்தால் அது ஊராகவோ சாதியாகவோ இருப்பது அரிது. தீபாவளிக்கு வராமல் போய்விடக்கூடிய ஒரு பெரியம்மாவாக இருக்கும். பெரியம்மா வராமல் போகலாம் என்பதும் பொய்யான அச்சம் அன்று. ஆனால் எழுதுவதும் வெளியிடுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முதலாவதற்குப் பெரியம்மாவின் ஒப்புதல் தேவையில்லை. எழுதி முடித்த கட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. எழுதாத கட்டைப் பூட்ட முடியாது. நானும் துணிவு வந்த பிறகு அந்த ஒன்றேகால் பக்கத்தை எழுதவில்லை. யாருக்கும் காட்டப்போவதில்லை என்று எனக்கே வாக்குக் கொடுத்துவிட்டு எழுதினேன். வாக்கை மீறுவதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன.

புத்தகம் வந்தபோது தந்தை அதை இரண்டு நாட்களில் படித்துவிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று மாதங்கள், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்பது போன்றவற்றைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. ஒருநாள் மாலை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, “சம்மதந்தானான்னு அந்த ஆபீசர் கேட்டது உனக்கு எப்படித் தெரியும்? நீ வெளியேதானே உக்காந்திருந்தே?” என்று கேட்டார்.

அது நானாகக் கற்பனை செய்த கேள்வி என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.