ராணுவத் தேர்வுக்கு உடம்பைத் தயார் செய்வது எப்படி? பினாங்கிலிருந்தே தொடங்கலாம்

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து ராணுவத்துக்கு மனுப்போடும் தம்பிகள் பலர், உடற்பயிற்சி என்றதும் தண்டால் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தண்டாலும் தேவைதான். ஆனால் என் பார்வையில் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது 2.4 கிலோமீட்டர் ஓட்டம். அதனால் நம் திட்டம் ஓட்டத்தைச் சுற்றியே இருக்கட்டும்.

முதலில் கிளினிக்

ராணுவத்தின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் கேட்டிருக்கும் வயது, உயரம், எடை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம், கண், நிறப்பார்வை, பல் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள்.

அடுத்து ஓட்டம்

400 மீட்டர் தடத்தில் 6 சுற்று ஓடினால் 2.4 கிலோமீட்டர். தடம் இல்லாதவர்கள் கர்ப்பால் சிங் டிரைவ் கடற்கரையோரம் போன் ஆப்பில் தூரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்கள் ஒரு சுற்று மெதுவோட்டம், அரைச் சுற்று நடை. ஓடும்போதே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும்; மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஆறு சுற்றையும் நிற்காமல் ஓட வரும்வரை கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் 12 நிமிடத்தை இலக்காக வையுங்கள். அதாவது சுற்றுக்கு 2 நிமிடம். புதிதாக வருபவர் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறந்து முடித்துவிட்டு, மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்! இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரு சுற்றைச் சரியாக 2 நிமிடத்தில் ஓடுங்கள், 2 நிமிடம் நடங்கள். இப்படி நான்கு முறை. பழகப் பழக அதை ஆறு முறையாக்கி, நடக்கும் நேரத்தை 1 நிமிடமாகக் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் இந்தப் பயிற்சி. மற்ற இரண்டு நாளும் மெதுவோட்டமே.

பினாங்கில் காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. இருட்டில் ஓடினால் வெளிர்நிறச் சட்டை போடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள்ளேயே பயிற்சி.

தண்ணீர்மலைப் படிகள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மெதுவோட்ட நாளுக்குப் பதிலாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள். ஒரே சீராக ஏறுங்கள்; இறங்கும்போது முழங்கால் அடிபடும், அவசரம் வேண்டாம். அப்படியே முருகனையும் பார்த்துவிட்டு வரலாம், அம்மாவும் சந்தோஷப்படுவார்.

கைக்கு

தண்டால் வரவில்லை என்றால் பெஞ்சில் கையூன்றித் தொடங்குங்கள். கம்பியில் உடம்பைத் தூக்க முடியாதவர்கள் நாற்காலியில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் கொண்டுபோய், ஐந்து வரை எண்ணி மெல்ல இறங்குங்கள். பலம் இப்படித்தான் வரும். உதைத்து ஏறுவது கணக்கில் சேராது.

சாப்பாடு

ஓடும் முன் ஒரு வாழைப்பழம், தண்ணீர். பசியாறுவது ஓடி முடித்த பிறகு. முந்தின இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டார் சாப்பிட்டவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது.

தேர்வுக்கு முந்தைய நாள் ஓட வேண்டாம். பழகிய சப்பாத்தையே போடுங்கள். ஐசி (அடையாள அட்டை), சான்றிதழ்களை இரவே பையில் வைத்துவிடுங்கள்.