ஒரே சிலிண்டர், பல பூட்டுகள்: பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கில் அடுத்த கட்டம்

உள்ளே இருப்பது தெரியும் அக்ரிலிக் பயிற்சிப் பூட்டை ஆன்லைனில் வாங்கி, அதோடு வந்த கம்பிகளால் திறந்து பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது சுலபமாகத் திறந்துவிடும். அப்புறம் கடையில் நல்ல பூட்டாக ஒன்றை வாங்கி வந்து உட்கார்ந்தால், வாரக்கணக்கில் அசையாது. கம்பிகளைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு நிறையப் பேர் இந்தப் பொழுதுபோக்கை விடுவது இந்த இடத்தில்தான். அந்த இரண்டு பூட்டுகளுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கடையில் தேடி வாங்க வேண்டியதில்லை. சாவியோடு ஒரு சிலிண்டர் (கதவுப் பூட்டில் சாவி போடும், தனியாகக் கழற்றக்கூடிய பகுதி) இருந்தால், அத்தனை படிகளையும் அதற்குள்ளேயே நாம் அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு கட்டுப்பாடுகள். உங்களுக்குச் சொந்தமான பூட்டை மட்டும் திறங்கள். சொந்தமே ஆனாலும், கதவிலோ பீரோவிலோ கேட்டிலோ பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் பின் (சின்ன உலோகத் துண்டு) ஒன்று சிக்கிக்கொண்டால் ராத்திரி வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரி ஊர்களில் இன்னொன்றும் உண்டு. தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வீட்டுப் பெரியவர்களிடம் முன்னாலேயே காட்டி விளக்கிவிடுங்கள். மொட்டைமாடியில் ஒளிந்து செய்யாமல் கூடத்திலேயே மேசை போட்டுச் செய்யுங்கள். கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் சுற்றாதீர்கள்.

எந்தப் பூட்டை எடுப்பது

இணையத்தில் பார்க்கும் பாடங்கள் பெரும்பாலும் பின் பூட்டுகளைப் பற்றியவை. நம் வீடுகளில் தொங்குபவையோ பெரும்பாலும் லீவர் பூட்டுகள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் லீவர் வகையில் புகழ்பெற்றதுதான். இவற்றின் உள்ளே பின் கிடையாது, தகடுகள் இருக்கும். அதற்கு வேண்டிய கம்பி வேறு, கை வேலையும் வேறு. பின் பூட்டுக்கான கம்பியோடு லீவர் பூட்டின் முன் உட்கார்ந்து மனம் உடைந்துபோவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. ஆகவே லீவரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு வேண்டியது பித்தளையில் வரும் கதவுச் சிலிண்டர். ஓசூரில் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளின் கதவுகளிலும், அலுமினியக் கதவுகளிலும் இதைத்தான் போடுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைக்கும். அலுமினியம் வேலை செய்பவர்களிடம் கழற்றிப்போட்ட பழையது கிடந்தாலும் சரிதான். போச்சம்பள்ளி ஞாயிறு சந்தைக்குப் போகும் பழக்கம் இருந்தால், பழைய சாமான் விரித்திருப்பவர்களிடம் ஒரு கண் வையுங்கள். எங்கே வாங்கினாலும் சாவியோடு வாங்குங்கள். சாவி இல்லாமல் பிரித்துக் கோப்பது ஆரம்பத்தில் பெரும் பாடு. கனமான, உயர்ந்த ரகமும் வேண்டாம். ஐந்து பின் உள்ள சாதாரண சிலிண்டர் போதும்.

கம்பிகள்

இருபது கம்பி உள்ள பெரிய செட் தேவையில்லை. நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த குட்டைக் கொக்கி ஒன்று, அதைவிடக் கொஞ்சம் உயரமான கொக்கி ஒன்று, சாவியைத் திருப்புவது போலப் பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பி இரண்டு மூன்று. இவ்வளவுதான். ஆக்சா பிளேடை அரைத்துக் கொக்கி செய்துகொள்ளலாம், அதன் கனம் இதற்குப் பொருத்தமாக இருக்கும். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். இரும்பு நீலம் பாய்ந்தால் அதன் விறைப்பு போய்விட்டது என்று அர்த்தம். கடைசியில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான கம்பியில் எதையும் உணர முடியாது. டென்ஷன் கம்பிக்கு, கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை அருமையானது. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட வைப்பரைக் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

உள்ளே நடப்பது என்ன

இந்தப் பின் பூட்டின் இன்றைய வடிவம் அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்றது. சிலிண்டருக்குள் சாவி நுழைந்து திரும்பும் உருளை, அதைச் சுற்றி ஓர் உடல். இரண்டையும் குறுக்கே கடக்கும் துளைகளில், சாவியைத் தொடும் கீ பின், அதன்மேல் டிரைவர் பின், அதன்மேல் ஸ்பிரிங். கீ பின்னும் டிரைவரும் சந்திக்கும் இடம், உருளையின் விளிம்புக்குச் சரியாக வரும்போது அந்தத் துளை வழிவிடும். அந்த விளிம்பைத்தான் ஷியர் லைன் என்கிறார்கள்.

எல்லாத் துளைகளும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் இருந்தால், கம்பியால் இந்தப் பூட்டைத் திறக்கவே முடியாது. ஓசூர் சிப்காட்டில் லேத்திலோ சி.என்.சி.யிலோ நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த இயந்திரமும் ஒரு டாலரன்ஸோடுதான் வெட்டும். அந்த நுண்ணிய விலகலால், உருளையை லேசாகத் திருப்பும்போது ஏதோ ஒரு பின் மற்றவற்றுக்கு முன்னால் பிடிபடும். அதைத் தூக்கி அமர்த்தினால் உருளை இம்மியளவு திரும்பும், அடுத்தது பிடிபடும். எந்தப் பின் எப்போது பிடிபடும் என்பது பூட்டுக்குப் பூட்டு மாறும்.

ஆகவே ஒவ்வொரு பின்னையும் கொக்கியால் தொட்டு, அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரிங் மட்டும் தள்ளினால், அதன் முறை இன்னும் வரவில்லை. கல்லாக நின்றால், இப்போது அதன் முறை. ஸ்பிரிங் விசையே இல்லாமல் லொடலொடத்தால், அமர்ந்துவிட்டது. துளியும் அசையாமல், எதுவும் பிடிபடாமல், எல்லாம் செத்துக் கிடந்தால், ஏதோ ஒரு கீ பின்னை ஷியர் லைனுக்கு மேலே ஏற்றிவிட்டீர்கள். அப்போது டென்ஷனை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள், பின்கள் விழும் சத்தத்தை எண்ணுங்கள், மறுபடி தொடங்குங்கள்.

பிரிப்பதும் கோப்பதும்

இதைக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எவர்சில்வர் தட்டில் துண்டு விரித்து, அதன்மேல் வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் துள்ளினால் துணி பிடித்துக்கொள்ளும். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

சிலிண்டரின் நடுவில் சுழலும் நாக்கின் பக்கத்தில் உருளையைப் பிடித்து வைக்கும் வளையக் கிளிப், அதாவது சர்க்கிளிப், ஒன்று இருக்கும். மெல்லிய ஸ்குரூடிரைவரால் அதை நெம்பி எடுங்கள். சாவியைப் போட்டு, கொஞ்சம் திருப்பி வையுங்கள். திருப்பாமல் உருவினால் டிரைவர் பின்கள் வரிசையாக அடுத்த துளைக்குள் குதித்துவிடும். இனி உருளையை வெளியே இழுக்கும்போதே, அதே விட்டமுள்ள ஒரு தடியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. தடி உள்ளே இருக்கும்வரை டிரைவர்களும் ஸ்பிரிங்குகளும் அதனதன் இடத்தில் நிற்கும். உருளையை வெர்னியரில் அளந்து, பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நைலான் தடியை அதே அளவுக்குக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். மரக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்தும் செய்யலாம்.

கீ பின்கள் உருளையிலேயே இருக்கும். அவற்றை ட்வீசரால் எடுத்து, மாத்திரை டப்பாவின் அறைகளில் வரிசை மாறாமல் போடுங்கள். பிறகு தடியை மெல்ல நகர்த்தி ஒவ்வொரு துளையாக வெளிப்படுத்தினால் டிரைவரும் ஸ்பிரிங்கும் கைக்கு வரும். கோப்பது இதன் தலைகீழ்.

ஒரு பின்னிலிருந்து ஐந்து பின் வரை

முன்துளையில் மட்டும் ஒரு பின் போட்டுக் கோத்துவிடுங்கள். திறங்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அமரும் பின் விரலுக்கு எப்படித் தெரிகிறது என்பதை, வேறு எந்தச் சத்தமும் குறுக்கிடாமல் உணர இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே பின்னை வேண்டுமென்றே அதிகமாகத் தூக்கி, அந்தச் செத்த நிலையையும் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பின் முதலில் பிடிபட்டது, அடுத்து எது என்று சொல்ல முடிந்தால்தான் ஒன்றைக் கூட்டலாம். திறந்துவிட்டது என்பது மட்டும் போதாது.

டென்ஷன்தான் இங்கே முழு விஷயமும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோருமே தேவைக்குப் பல மடங்கு அழுத்துகிறார்கள். கால்குலேட்டர் பொத்தானை அழுத்தும் அளவு விசை போதும், பல பூட்டுகளுக்கு அதிலும் பாதி. விரல் நகம் வெளுத்தால் அதிகம் என்று பொருள். பூட்டு திறக்காதபோது கை தானாக இறுகும். அந்த நேரத்தில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டென்ஷன் கம்பியைச் சாவித் துளையில் பின்களுக்கு எதிர்ப்பக்கம் வைப்பது வழக்கம். பின்கள் இருக்கும் பக்கமே, வாயோரத்தில், முன்பின்னைத் தொடாமல் பொருத்திப் பாருங்கள். கொக்கிக்கு நிறைய இடம் கிடைக்கும், விரலுக்கு வரும் செய்தியும் தெளிவாகும்.

ஸ்பூல் பின்

நல்ல பூட்டு அசையாததற்குக் காரணம் இதுதான். டிரைவர் பின்னின் இடுப்பு ஒடுங்கியிருக்கும். டென்ஷன் கொடுத்துத் தூக்கினால், அந்த ஒடுங்கிய பகுதி ஷியர் லைனில் மாட்டி, உருளை கண்ணுக்குத் தெரியும் அளவு திரும்பி நின்றுவிடும். திறந்துவிட்டது போலவே இருக்கும், திறந்திருக்காது. இதைத்தான் ஃபால்ஸ் செட் என்கிறார்கள்.

கடையில் தேட வேண்டாம், ஸ்பூலை நீங்களே செய்யலாம். உபரியாக உள்ள சாதாரண டிரைவர் பின் ஒன்றை டிரில்லிங் மெஷின் வாயில் மாட்டிச் சுழலவிட்டு, நடுவில் ஊசி அரத்தை மெதுவாக வையுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இரு முனைகளையும் தொடக்கூடாது; இடுப்பில் பாதிக் கனமாவது மிஞ்ச வேண்டும். பித்தளை என்பதால் சீக்கிரம் வெட்டுப்படும்.

ஐந்தில் ஒன்றை மட்டும் ஸ்பூலாக மாற்றிக் கோத்துவிடுங்கள். ஃபால்ஸ் செட் வந்ததும் ஒவ்வொரு பின்னையும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஏதோ ஒன்றைத் தள்ளும்போது டென்ஷன் கம்பி உங்கள் விரலைத் திருப்பித் தள்ளும். ஸ்பூல் அங்கேதான் இருக்கிறது. இப்போது மனம் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். விரலைத் தளர்த்தி, உருளை பின்னோக்கிப் போக வழிவிட்டு, அதே சமயம் பின்னை மேலே தள்ளிக்கொண்டே இருங்கள். இடுப்பைத் தாண்டி விளிம்பு ஏறும்போது ஒரு கிளிக். தளர்த்தியதில் ஏற்கெனவே அமர்ந்த ஒன்றிரண்டு கீழே விழலாம். அது இயல்புதான், அவற்றைத் திரும்ப அமர்த்துங்கள். முழுக்க விட்டுவிட்டால் எல்லாமே விழும். எவ்வளவு விட வேண்டும் என்பது எழுத்தில் சொல்ல முடியாத இடம். ஒற்றை ஸ்பூலில் அது கைக்கு வந்த பிறகு இரண்டாவதைப் போடுங்கள்.

செரேட்டட் பின்

அரத்தின் ஓரத்தால் ஒரே பின்னில் மூன்று நான்கு மெல்லிய வரிகள் போட்டால் செரேட்டட் பின். இது பின்னோக்கித் தள்ளாது. ஒவ்வொரு வரியிலும் பொய்யாக ஒரு கிளிக் கொடுக்கும். கிளிக் கேட்ட பிறகும் அந்தப் பின் கல்லாகவே நின்றால், இன்னும் ஒரு வரி பாக்கி என்று எடுத்துக்கொண்டு மயிரிழை அளவு மட்டும் தூக்குங்கள். டென்ஷன் கூடினால் வரிகள் இறுக மாட்டிக்கொள்ளும்.

மேடுபள்ளம்

சாவியின் வெட்டுகள் ஏறி இறங்கியிருந்தால் பூட்டு தனி வகையில் கடினமாகும். பின்னால் அதிகம் தூக்க வேண்டிய பின் இருந்து, அதற்கு முன்னால் கொஞ்சமே தூக்க வேண்டியது இருந்தால், கொக்கியின் தண்டு முன்னதை இடித்து மேலே ஏற்றிவிடும். உயரமான கொக்கி இதற்குத்தான். நுனி மட்டும் எழும்ப, தண்டு துளையின் எதிர்ப்பக்கத்தை ஒட்டியே போக வேண்டும். கீ பின்களை இடம் மாற்றிப் போட்டு இந்த அமைப்பை நீங்களே உண்டாக்கலாம். அதற்கப்புறம் பழைய சாவி அந்தச் சிலிண்டருக்குப் பொருந்தாது. அடுத்த முறை பிரிக்க, முதலில் கம்பியால் திறந்துதான் ஆக வேண்டும்.

பொறுமை குறையும்போது 1851-ஐ நினைத்துக்கொள்கிறேன். லண்டனில் பூட்டு செய்யும் பிராமா கம்பெனியின் ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்ற அறிவிப்போடு 1790-லிருந்து வைத்திருந்த பூட்டை, அந்த ஆண்டு பெரும் கண்காட்சிக்காக வந்த அமெரிக்கர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் திறந்தார். 16 நாட்களில் 51 மணி நேரம் ஆயிற்று. பூட்டின் பலவீனத்தை அவர் ஒளித்து வைக்கவில்லை, எல்லோர் முன்னும் காட்டினார். பூட்டு செய்பவர்கள் அதன் பிறகு வடிவங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்தப் பொழுதுபோக்கை ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் நான் சொல்லும் பதில் இதுதான்.

தெரியாத சிலிண்டர்

நீங்களே கோத்த பூட்டில் எந்தத் துளையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கைக்கு முன்னால் மூளை ஓடிவிடும். ஆகவே இதே ஆர்வம் உள்ள ஒரு நண்பரைப் பிடியுங்கள். இருவரும் ஆளுக்கொரு சிலிண்டரைப் பிரித்து, ஸ்பூலும் செரேட்டடும் தம் விருப்பப்படி கலந்து கோத்து, மாற்றிக்கொள்ளுங்கள். திறக்க முயலும்போது, எந்தத் துளையில் எந்த வகைப் பின் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். திறந்த பிறகு அவர் முன்னாலேயே பிரித்துச் சரிபாருங்கள். தவறிய துளைக்கு மட்டும் அதே பின்னைத் தனியாகப் போட்டு, ஒரு பின் பூட்டாகத் திரும்பப் பழகுங்கள். இருவர் சிலிண்டரும் இப்படிச் சரியாக வந்துவிட்டால், அடுத்து கடைக்குப் போய் ஆறு பின் உள்ள சிலிண்டரைக் கேட்கலாம்.