எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுபவரைச் சமாளிப்பது எப்படி? புதிய குழுத் தலைவர்களுக்கான வழிமுறை

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் அநேகமாக எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் வாயை அடைப்பது எப்படி என்றுதான் புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். அது நடக்காது. அவர் கிளப்பும் ஆட்சேபத்தை முடித்துவைக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

படி 1: விதண்டாவாதம்தானா என்று பாருங்கள்

இதில் அவசரம் கூடாது. 1986 ஜனவரி 27 அன்று, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவ வேண்டாம் என்று அதன் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். கடுங்குளிரில் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது என்பது அவர்கள் கவலை. மேலாளர்களோ கடைசியில் அவர்களை ஒதுக்கிவிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். மறுநாள், ஏவிய 73 வினாடிகளில் விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள்.

ஆகவே முதலில் இதைக் கேளுங்கள்: "எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?" உண்மையான கவலை உள்ளவரிடம் பதில் இருக்கும்: ஒரு சோதனை முடிவு, வாடிக்கையாளரின் சம்மதம், இப்படி ஏதாவது. வாதத்துக்காக வாதிடுபவர் வேறு பேச்சுக்குத் தாவுவார்.

படி 2: எழுதி வாங்குங்கள்

ஆட்சேபம், அதனால் வரும் பாதிப்பு, மாற்று யோசனை. மூன்று வரி போதும், கூட்டத்துக்கு முந்தைய நாளே. வாயால் அரை மணி நேரம் ஓடும் வாதம் எழுத்தில் ஒரு வரிகூடத் தேறாமல் போவதும் உண்டு.

படி 3: பதில் சொல்லி முடியுங்கள்

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு வாக்கெடுப்பை நம்புவதில்லை. ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருந்தால் போதும் என்பது அதன் மரபு. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7282 ஆவணம் இதை விளக்குகிறது: எழுந்த ஆட்சேபங்களை ஆராய்ந்து பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அவற்றை ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

நீங்களும் கூட்டக் குறிப்பில் ஆட்சேபம், பதில், முடிவு, தேதி நான்கையும் எழுதிவையுங்கள். அதே விஷயம் மறுபடி வந்தால், "இதற்குச் சென்ற வாரக் குறிப்பிலேயே பதில் இருக்கிறது. புதிய தகவல் உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள். குரலை மட்டும் உயர்த்தாதீர்கள்; வாதத்துக்கு ஆள் தேடுபவருக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

படி 4: தனியே பேசுங்கள்

அவர் உங்களைவிட மூத்தவராக இருந்தால் பலர் முன்னிலையில் திருத்துவது பகையில்தான் முடியும். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்றும் தொடங்காதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: "சார், நேற்று புதிதாகச் சேர்ந்தவர் பேசும்போது மூன்று முறை குறுக்கிட்டீர்கள். அதன்பின் அவர் பேசவே இல்லை."

இழிவான பேச்சு, மிரட்டல் என்று போனால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். நடந்ததைத் தேதியுடன் குறித்துக்கொண்டு நேராக மனிதவளத் துறையிடம் செல்லுங்கள்.