ஒற்றை லித்தியம் செல்லில் இஎஸ்பி32 திட்டத்தை இயக்குவது எப்படி?

லித்தியம் அயன் செல்லை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் அதை மின்னேற்றுவது பற்றித்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த வேலையை ஒரு சிறு மின்சுற்றுப் பலகை பார்த்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் திடீரென்று நின்றுபோவதற்கும், முழுதாக ஏற்றிய செல் சில வாரங்களில் வற்றிப்போவதற்கும் பெரும்பாலும் செல்லுக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் (நிரலை இயக்கும் சில்லு, இங்கே வைஃபை உள்ள இஎஸ்பி32) நடுவே அமர்ந்து மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரே காரணமாகிறது. பற்றவைக்கவும் மல்டிமீட்டரில் அளக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் செல். 18650 வகையையே பரிந்துரைப்பேன். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய இந்த உருளைக்கு ஹோல்டர் எளிதில் கிடைக்கும். செல்லின் முனைகளில் கம்பியை நேரடியாகப் பற்றவைக்க வேண்டாம். அந்த வெப்பம் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும். தட்டையான லிப்போ பை (பை வடிவ லித்தியம் பாலிமர் செல்) வாங்கினால், அதன் ஜேஎஸ்டி எனும் சிறு பிளாஸ்டிக் இணைப்பியில் சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை என்பதால், செருகுவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிபி4056 சார்ஜர் பலகை. செல் அளவுக்கு மீறி வற்றும்போது அதைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள். பி+, பி- ஆகியவற்றோடு அவுட்+, அவுட்- என்ற முனைகளும் இருந்தால் அது சரியான பலகை. செல்லை பி முனைகளிலும், மற்ற எல்லாவற்றையும் அவுட் முனைகளிலும் இணைக்க வேண்டும். பலகையில் ‘122’ என்று குறியிட்ட 1.2 கிலோ ஓம் மின்தடைதான் மின்னேற்ற ஓட்டத்தை 1 ஆம்பியராக நிர்ணயிக்கிறது. 500 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள சிறு செல்லுக்கு இது மிக அதிகம். அந்த மின்தடையை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் ஓட்டம் ஏறத்தாழ 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

இனி ரெகுலேட்டர். செல்லின் மின்னழுத்தம் முழு ஏற்றத்தில் 4.2 வோல்ட், பெரும்பகுதி நேரம் 3.7 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் 3 வோல்ட்டை நோக்கிச் சரியும். மைக்ரோகண்ட்ரோலருக்கு வேண்டியது 3.3 வோல்ட். பல இஎஸ்பி32 பலகைகளில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், தான் வேலை செய்வதற்கே சுமார் 1.1 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், புத்தம்புது ஏற்றத்திலும் 3.1 வோல்ட்டைத்தான் வெளியே தரும், செல் 3.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது 2.6 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், விளக்கை மட்டும் மினுக்கும் நிரல் இந்த நிலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். வைஃபை இயங்கும் நொடியில் ஓட்டம் சட்டென எகிற, மின்னழுத்தம் சரிந்து, பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். பலகை அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் போதவில்லை) என்ற செய்தி திரும்பத் திரும்ப ஓடும். அந்தச் சரிவு மிகக் குறுகியது என்பதால் மல்டிமீட்டரில் தென்படாது. ஆகவே நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தீர்வு, தனக்கென மிகக் குறைந்த மின்னழுத்தத்தையே எடுத்துக்கொள்ளும் ரெகுலேட்டர். வைஃபை உள்ள திட்டத்துக்கு 500 மில்லி ஆம்பியர் தாங்கும் எம்இ6211ஐயும், வெறும் சென்சார் திட்டத்துக்கு எம்சிபி1700ஐயும் தேர்ந்தெடுப்பேன். எதுவாயினும் அதன் வெளியீட்டில், இஎஸ்பி32 பலகைக்கு மிக அருகில், 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்து, அங்கிருந்து பலகையின் 3.3 வோல்ட் முனைக்கு நேராகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்திருக்கும்போது இஎஸ்பி32 பலகையில் யுஎஸ்பி கம்பியைச் செருகக் கூடாது.

ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போது குடிக்கும் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். ஏஎம்எஸ்1117 சுமார் 5 மில்லி ஆம்பியரை எப்போதும் எடுத்துக்கொள்ளும். அதாவது, மைக்ரோகண்ட்ரோலர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தாலும் 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லை 400 மணி நேரத்தில், பதினேழு நாட்களுக்குள், இது ஒன்றே தீர்த்துவிடும். எம்சிபி1700க்கு 2 மைக்ரோஆம்பியர்கூடத் தேவையில்லை.

5 வோல்ட் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எம்டி3608 பூஸ்ட் பலகை உண்டு. அதன் திருகைப் பல சுற்றுகள் திருப்பிய பிறகே மின்னழுத்தம் அசையத் தொடங்கும், சில சமயம் 20 வோல்ட்டுக்கு மேலும் காட்டும் என்பதால், வெளியீட்டில் எதையும் இணைக்காமல் 5 வோல்ட்டுக்குச் சரிசெய்துவிட்டே பயன்படுத்துங்கள். தவிர்க்க முடிந்தால் நான் இதைத் தவிர்ப்பேன். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றி மறுபடி 3.3க்கு இறக்குவதில் ஆற்றல் வீணாகிறது.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்தவர்கள் சிலர், செல்லை மாட்டியதும் அவுட் முனைகளில் மின்னழுத்தமே இல்லை என்று எழுதியிருந்தார்கள். பலகை பழுதாகவில்லை, பாதுகாப்புச் சில்லு சில வேளைகளில் துண்டித்த நிலையிலேயே விழித்தெழும். டிபி4056 பலகையில் யுஎஸ்பி சார்ஜரை ஒரு கணம் செருகினால் போதும். வேறு சிலர் பி- முனையையும் அவுட்- முனையையும் ஒரே கிரவுண்டாக இணைத்திருந்தார்கள். பாதுகாப்பு டிரான்சிஸ்டர்கள் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன, இணைத்துவிட்டால் 2.4 வோல்ட் அளவில் செல்லைத் துண்டிக்கும் காவல் அடியோடு போய்விடும்.

சார்ஜ் ஆகும்போதே திட்டத்தை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தார்கள். மின்னேற்ற ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் டிபி4056 நிறுத்திக்கொள்கிறது. திட்டம் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த நிலை வரவே வராது. சிவப்பு விளக்கு அணையாமல், செல் 4.2 வோல்ட்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அவுட்+ கம்பியில் ஒரு சுவிட்சை வைத்து, சார்ஜ் ஏற்றும்போது அதை அணைத்துவிடுங்கள்.