படிப்பையோ பல்கலைக்கழகத்தையோ மாற்றும்போது கிரெடிட் வீணாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒன்றிரண்டு வருடம் படித்த பிறகு "இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது" என்று புரிவதில் தப்பே இல்லை. ஆனால் ராத்திரி பகலாகப் படித்துத் தேறிய பாடங்களையும், அவற்றின் உழைப்பளவுக்கு ஏற்பக் கிடைத்த புள்ளிகளான கிரெடிட்டையும் எல்லாம் விட்டுவிட்டு மறுபடி முதல் செமஸ்டரில் போய் உட்கார்வது பெரிய கொடுமை. பல பேருக்கு அது தேவையே இல்லாமல் நடக்கிறது, அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

படி 1: இருக்கும் இடத்தை விடாதீர்கள்

புது இடத்திலிருந்து எழுத்துப்பூர்வமான முடிவு கைக்கு வரும்வரை இப்போதைய சேர்க்கையை ரத்து செய்யவே கூடாது. "எல்லாம் ஏற்றுக்கொள்வார்கள், கவலைப்படாதே" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னது கணக்கில் வராது.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

மதிப்பெண் பட்டியல் மட்டும் போதும் என்று நினைத்துத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அதில் பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு மூன்றும்தான் இருக்கும். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் பேராசிரியருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பாடத்துக்குள் என்ன நடத்தினார்கள் என்பது, அதைச் சொல்வது சிலபஸ்தான். வாரவாரியாகத் தலைப்புகள், பாடநூல்கள், ஆய்வகம் இருந்தால் அதன் மணி நேரம், தேர்வு நடந்த விதம், இவ்வளவும் உள்ள பிரதியாக வாங்குங்கள். நீங்கள் படித்த வருடத்துச் சிலபஸாக இருக்க வேண்டும், இந்த வருடத்தையது அல்ல. வேற்று மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.

படி 3: கிரெடிட்டை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஐரோப்பிய நாடுகளின் பொதுவான கிரெடிட் முறையான இசிடிஎஸ் (ECTS) முறையில் முழுநேரப் படிப்பு ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது பொதுவாக 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் அதே ஒரு வருடம் 120 கிரெடிட். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முழுவதற்குமே பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட்தான், அதாவது வருடத்துக்கு 30. ஆக ஒரு அமெரிக்க கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 2 இசிடிஎஸ், 4 பிரிட்டிஷ் கிரெடிட் ஈடு. எண் பெரிதாக இருப்பதால் நிறையப் படித்ததாக ஆகாது, சிறிதாக இருப்பதால் பயப்படவும் வேண்டாம்.

படி 4: ஒப்பீட்டு அட்டவணை போடுங்கள்

இந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள், நீங்களே செய்து அனுப்புங்கள். இடது பக்கம் நீங்கள் படித்தது, வலது பக்கம் அங்கே இருப்பது. உதாரணத்துக்கு, இயற்பியலிலிருந்து பொருளாதாரத்துக்கு மாறும் ஒருவர் "இயற்பியலுக்கான கணித முறைகள்" என்று ஒரு பாடம் படித்திருக்கிறார். பெயரைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். உள்ளே திறந்தால் அணிகள், ஐகன் மதிப்புகள், பகுதி வகையீடு, சார்புகளின் பெருமம் சிறுமம் எல்லாம் இருக்கிறது. புது இடத்தில் "பொருளாதாரத்துக்கான கணிதம்" பாடத்திலும் பெரும்பகுதி இதே தலைப்புகள்தான். அந்த வாரங்களை எதிரெதிரே எழுதி, விடுபட்டது என்ன என்பதையும் மறைக்காமல் குறித்துக் காட்டினால், படித்துப் பார்ப்பவருக்குச் சரி என்று சொல்வது சுலபமாகிறது. பெயரை மட்டும் அனுப்பியிருந்தால் நிராகரிப்புதான் வந்திருக்கும்.

படி 5: "ஏற்கப்பட்டது" என்றால் எதற்காக என்று கேளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் ஏற்கப்படுவது ஒன்று, அது உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் வருவது வேறு. 60 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வரும். பிரித்துப் பார்த்தால் 18 மட்டும் கட்டாயப் பாடங்களுக்கு ஈடாக இருக்கும், 12 விருப்பப் பாடங்களில் போய் உட்கார்ந்திருக்கும், மீதி 30 சான்றிதழில் அச்சாகும், பட்டத்துக்கு ஒரு பயனும் இருக்காது. அதனால் இப்படி எழுதிக் கேளுங்கள்: "என் பாடங்களில் எவை கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகின்றன, எவை விருப்பப் பாடங்களாகின்றன? எந்த செமஸ்டரில் சேர்க்கப்படுவேன்? பட்டம் பெற இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?"

அதோடு முன்தேவைப் பாடங்களையும் பாருங்கள். ஒரு அடிப்படைப் பாடம் விட்டுப்போய், அது வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால், அதை நம்பியிருக்கும் அடுத்த பாடமும் அதற்கடுத்ததும் தள்ளிப்போய் மொத்தமாக ஒரு வருடமே கூடிவிடும்.

படி 6: வரம்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு கொண்டுபோனாலும் ஒரு பங்கை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தால்தான் பட்டம் தருவார்கள், அமெரிக்காவில் பல இடங்களில் இது 30 கிரெடிட். அங்கே சி கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் ஒரு கட்டாயத் தேர்வின் கடைசி வாய்ப்பிலும் தோற்றுவிட்டால் பொதுவாக வேறு பல்கலைக்கழகத்தில்கூட அதே படிப்பில் சேர முடியாது, ஆகவே அங்கே மாறுவதென்றால் கடைசி முயற்சிக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். பழைய கிரெடிட்டுக்குக் காலாவதியும் உண்டு. இந்தியாவில் மாணவர் சேர்த்த கிரெடிட்டைக் கணக்கில் சேமித்து வைக்க 2021ல் வந்த கிரெடிட் வங்கி முறையில் அதிகபட்சம் 7 வருடம்.

படி 7: மறுத்தால் காரணம் கேளுங்கள்

முதல் பதிலோடு ஒதுங்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களில் பொதுவாக மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாடு ஏற்பது பற்றி 1997ல் கையெழுத்தான லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், கணிசமான வேறுபாடு இருந்தால்தான் படித்த காலத்தை ஏற்க மறுக்கலாம், அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டிய பொறுப்பும் மதிப்பிடுபவர்களுடையது. உங்கள் கடிதத்தில் கோபம் வேண்டாம், படி 4ல் போட்ட அட்டவணை மறுபடி போகட்டும், எந்தத் தலைப்பு போதவில்லை என்று மட்டும் கேளுங்கள். விடுபட்ட தலைப்புகளுக்கு மட்டும் ஒரு தேர்வு எழுதினால் ஏற்பீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முடிவு எழுத்தில் வந்துவிட்டதா? சரி, இப்போது பழைய இடத்திலிருந்து விலகலாம். உதவித்தொகை, விசா இருந்தால் அவை மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்று அதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். விலகிய பிறகு மாணவர் கணக்கை மூடிவிடுவார்கள், சிலபஸும் மதிப்பெண் பக்கமும் அதோடு போய்விடும். அதனால் எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்திலாவது சேமித்த பிறகே விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.