பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

வெள்ளவத்தையில் உயர்தர (A/L) வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பணவீக்கப் பாடத்துக்குப் பேப்பர் செய்திகளை வாசித்துக் காட்டுவேன். தலையாட்டுவார்கள், பயிற்சித்தாளிலோ "பணவீக்கம் குறைந்தால் விலை குறையும்" என்று எழுதுவார்கள். மனம் நொந்துபோகும்.

அப்புறம் முறையை மாற்றினேன். இரண்டே செய்திகள்: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி வருடாந்தப் பணவீக்கம் (முந்தைய வருடம் அதே மாதத்தோடு பார்க்க விலைகள் ஏறிய வீதம்) 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 70 வீதம், 2023 செப்டம்பரில் 1.3 வீதம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு இந்த இரண்டு வருடங்களிலும் எவ்வளவு வேண்டும்? கணக்குப் பாருங்கள்" என்றேன். முதலில் 170, பிறகு 172 ரூபாய் சொச்சம். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி, "அப்ப விலை இறங்கவே இல்லையே சேர்! ஏறுற வேகம்தானே குறைஞ்சிருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று கவனம். சுட்டெண் பல பொருள்களின் சராசரி. வீட்டில் பருப்பு விலை மட்டும் இறங்கியிருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். அதை அன்றே சொல்லிவிட வேண்டும்.

இப்போது கேள்வி நெகிழ்ச்சிப் பாடத்துக்கு (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) எரிபொருள் விலைத் திருத்தச் செய்தியை எடுத்திருக்கிறோம்.